உங்களுக்குத் தெரியுமா? கல்பாக்கம் கரையின் ஆறு உலைகள்

அணு மின்சாரம் மறுபடியும் பேச்சுக்கு வந்துவிட்டது. 2047க்குள் 100 கிகாவாட் என்று 2025 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு இலக்கு வைத்தது. அந்த பட்ஜெட் வந்தபோது நாடு முழுவதும் இருந்தது ஒன்பது கிகாவாட்டுக்கும் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் புதிய அணுசக்திச் சட்டமும் வந்தது. புது உலை, புது உரிமம், தனியார் முதலீடு என்று வரும் செய்திகளை செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் டெல்லிச் செய்தியாகப் படித்து மடித்து வைத்துவிட முடியாது. ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டினால் வருகிற ஊரில் இந்தக் கதை அரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து சில துணுக்குகள்.

● மாமல்லபுரத்துச் சிற்பங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 1984இல். கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கியதும் அதே 1984, ஜனவரி 27. கடற்கரைக் கோயிலுக்கும் மின் நிலையத்துக்கும் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

● தாராப்பூர் உலைகளை அமெரிக்கர்கள் கட்டித் தந்தார்கள். ராஜஸ்தான் உலைகளுக்குக் கனடா கைகொடுத்தது. 1974இல் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்தியதும் கனடா கையை விலக்கிக்கொண்டது. அப்போது கல்பாக்கத்தில் கட்டுமானம் பாதியில் இருந்தது. மீதியை நம் ஆட்களே வரைந்து, வார்த்து, பொருத்தி முடித்தார்கள். 1983 ஜூலை 2 அன்று முதல் அலகில் தொடர்வினை தொடங்கியது. அதே மாதம் 23ஆம் தேதி இந்திரா காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியப் பொறியாளர்கள் சொந்தக் காலில் நின்று கட்டி முடித்த முதல் அணுமின் நிலையம் இது. 1967இல் இதன் தலைமைத் திட்டப் பொறியாளராகப் பொறுப்பேற்ற எம்.ஆர். சீனிவாசன், பின்னாளில் அணுசக்தி ஆணையத் தலைவரானார். 2025 மே மாதம் உதகையில் காலமானார்.

● கல்பாக்கம் வளாகத்தில் எத்தனை உலைகள் என்று கேட்டால் பலரும் இரண்டு என்பார்கள். கட்டி எழுப்பப்பட்டவை ஆறு. மின் நிலையத்தின் கனநீர் உலைகள் இரண்டு. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலை ஒன்று, காமினி என்ற குட்டி உலை ஒன்று. பாவினி நிறுவனத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை ஒன்று. ஆறாவது, நீர்மூழ்கிக் கப்பலுக்கான மாதிரி உலை. 'அரிஹந்த்' கப்பலுக்குள் வைக்க வேண்டிய உலையை முதலில் கரையில் ஓட்டிப் பழகியது இங்கேதான். 2009 ஆகஸ்டில் அரசு பத்திரிகையாளர்களை அழைத்துக் காட்டும் வரை அது வெளியே சொல்லப்படாத விஷயம்.

● காமினியின் திறன் 30 கிலோவாட். ஆழமான போர்வெல்லில் இறக்கும் 40 குதிரைத்திறன் மோட்டார் அளவுதான். ஆனால் அதன் எரிபொருள் தோரியத்திலிருந்து எடுத்த யுரேனியம்‑233. 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய இதைப்போல அந்த எரிபொருளில் ஓடும் உலை உலகில் வேறில்லை. இதன் நியூட்ரான் கதிர்களால் இஸ்ரோ ராக்கெட்டுகளின் வெடிமருந்துப் பாகங்களைப் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரேக்குத் தெரியாத குறை இதற்குத் தெரியும்.

● இனி கொஞ்சம் நிதானமாக. கல்பாக்கத்தை உலகம் கவனிப்பது ஈனுலைக்காக.

சாதாரண உலை யுரேனியத்தின் மிகச் சிறு பங்கைத்தான் எரிக்கிறது. மீதமாகும் யுரேனியம்‑238 தானாக எரியாது. நியூட்ரானை உள்வாங்கினால் புளுட்டோனியமாக மாறும். ஈனுலையின் நடுவில் புளுட்டோனியம் எரியும், சுற்றிலும் அடுக்கிய யுரேனியத்தில் புதுப் புளுட்டோனியம் உருவாகும். எரித்ததைவிடக் கூடுதலாகவே எடுக்கலாம். யுரேனியம் குறைவாகவும் தோரியம் ஏராளமாகவும் உள்ள நாடு நம்முடையது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பதும் தோரியம்தான். முதலில் யுரேனியம், அடுத்து புளுட்டோனியம், கடைசியில் தோரியம் என்று ஹோமி பாபா 1950களில் மூன்று படிகள் வகுத்தார். இரண்டாம் படியின் வாசல் கல்பாக்கம்.

அதற்கான பள்ளிக்கூடமாக 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது வேக ஈனுலைச் சோதனை உலை. வடிவமைப்பு பிரான்சின் 'ராப்சோடி' உலையைத் தழுவியது. பிரான்ஸ் தருவதாக இருந்த செறிவூட்டிய யுரேனியம் 1974க்குப் பிறகு கிடைக்கவில்லை. கையில் இருந்த புளுட்டோனியத்தை வைத்தே நம் விஞ்ஞானிகள் புளுட்டோனியம்‑யுரேனியம் கார்பைடு என்ற புது எரிபொருளைச் செய்தார்கள். இப்படியொரு எரிபொருளை முழு உலைக்கும் ஊட்டி ஓட்டிய முன்மாதிரி அதுவரை எங்கும் இல்லை.

பாடம் சுலபமாக வரவில்லை. 1987 மே மாதம் எரிபொருள் கட்டு ஒன்றை இடம் மாற்றும்போது அது வளைந்து சிக்கியது. உலை மறுபடி ஓட இரண்டு ஆண்டுகள் ஆயின. 2002இல் 75 கிலோ சோடியம் கசிந்தது. வடிவமைப்பில் எழுதிய 40 மெகாவாட் வெப்பத் திறனை இந்த உலை எட்டியது 2022 மார்ச்சில். 36 ஆண்டுகளுக்கும் மேல்! இதைத் தோல்வியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று சோதித்துவிட்டு ஏறிய உலை அது. அவசரப்படாமல் இருந்ததுதான் அதன் பெருமை.

● வேக ஈனுலையைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, உருக்கிய சோடியம். சோடியம் 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் பெரிய அழுத்தம் ஏதுமின்றியே 547 டிகிரி வரை சூடாகி வெப்பத்தைச் சுமந்து வரும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் சீறும். ஆனால் மின்சாரம் எடுக்க நீராவி வேண்டும். எனவே ஏதோ ஓரிடத்தில் சோடியமும் தண்ணீரும் அருகருகே போயாக வேண்டும். முன்மாதிரி உலையின் எட்டு நீராவி ஆக்கிகளில் சோடியத்தையும் தண்ணீரையும் பிரித்து வைப்பது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே தடிமனான எஃகுக் குழாய்ச் சுவர். அந்தக் குழாய்களில் ஒரு வெல்டிங்கூடப் பிசகக் கூடாது. ஜப்பானின் மோன்ஜு உலை 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்து நின்றதும், பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸ் மூடப்பட்டதும் இந்தத் துறையில் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் பாடங்கள்.

ரஷ்யா மட்டும் பெலோயார்ஸ்கில் சோடிய உலைகளை விடாமல் ஓட்டி வருகிறது. பில் கேட்ஸ் நிறுவிய டெர்ராபவர் 2024 ஜூனில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சோடிய உலைத் திட்டம் ஒன்றுக்கு நிலவேலை தொடங்கியிருக்கிறது. கல்பாக்கத்துப் பொறியாளர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சோடியத்தோடு புழங்கிப் பெற்ற கைப்பழக்கத்துக்கு இப்போது உலகச் சந்தையில் விலை உண்டு.

● முன்மாதிரி உலையின் முதன்மைக் கலத்தின் விட்டம் 12.9 மீட்டர். அதைச் சாலையில் கொண்டுவர முடியாது என்பதால் வளாகத்திலேயே பட்டறை போட்டுச் செய்தார்கள். 2009 டிசம்பரில் கிரேனால் தூக்கி உலைக் குழிக்குள் இறக்கினார்கள்.

● அந்த உலையின் கட்டுமானத்தை 2004 அக்டோபர் 23 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். இரண்டே மாதங்களில், டிசம்பர் 26 ஞாயிறு காலை, சுனாமி வந்தது. அடித்தளத்துக்குத் தோண்டிய குழியில் கடல் நிறைந்தது. வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

முதல் மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். முடிக்கும் கெடு 2010 செப்டம்பர். செலவு இரண்டு மடங்கைத் தாண்டியது. கெடு எத்தனை முறை மாறியது என்பதை நாடாளுமன்றப் பதில்களைப் படித்தால் தெரியும். 2024 மார்ச் 4 அன்று பிரதமர் மோடி முன்னிலையில் உலைக்கருவை அடுக்கும் பணி தொடங்கியது. ஜூலையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி தந்தது. அதற்கு மேலும் கோளாறுகளைச் சரிசெய்து, 2025 அக்டோபரில்தான் எரிபொருள் நிரப்பத் தொடங்கினார்கள். தாமதத்துக்கு வருந்தலாம், செலவுக்குக் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கடைசி ஒன்றே கால் ஆண்டுக் காத்திருப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

● அதே சுனாமி நாளில் மின் நிலையத்தின் இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. முதல் அலகு பராமரிப்பில் இருந்தது. கடல்நீர் இறைக்கும் பம்ப் அறையில் வெள்ளம் ஏறியதும் பம்புகள் நின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். கதிரியக்கக் கசிவு இல்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு மறுபடி ஓட்டினார்கள். உலை தப்பியது, ஊழியர் நகரியம் தப்பவில்லை. கடலோரம் இருந்த டவுன்ஷிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்பாக்கமும் சுனாமியும் என்ற பேச்சில் உலை நின்ற விதத்தைச் சொல்பவர்கள் இந்த உயிர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வடக்கே சாளுவன்குப்பத்தில் அந்த அலைகள் மணலை அரித்துக் கல்வெட்டுப் பாறையை வெளிக்காட்டின. தொல்லியல் துறை தொடர்ந்து தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. இந்தக் கரைக்குப் பேரலை புதிதில்லை என்பதற்கு அந்த அகழாய்வே சாட்சி: பழைய கோயிலும் கடல் சீற்றத்தில் அழிந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

● மின் நிலையத்துக்குக் கடல்நீர் வரும் வாய், கரையிலிருந்து கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் தரைக்கு அடியில் குடைந்த சுரங்கம் வழியாக நீர் வருகிறது. அந்தச் சுரங்கத்தில் பச்சை ஆளிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும். சில பருவங்களில் ஜெல்லி மீன்கள் திரளாக வந்து வடிகட்டிச் சல்லடையை அடைக்கும். இதனாலேயே கடல் உயிரியலில் தேர்ந்த விஞ்ஞானிகள் இந்த வளாகத்தில் வேலை பார்க்கிறார்கள். வெப்பம் ஏறிய நீரைக் கடலில் விடும்போது சுற்றியுள்ள நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடு கூடக் கூடாது என்பது விதி. மெய்யூர்க்குப்பம், உய்யாலிக்குப்பம் மீனவர்களுக்கு அந்த 7 டிகிரி வெறும் எண் இல்லை.

● மின் நிலையத்தின் நீராவியைப் பயன்படுத்திக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கே உண்டு. நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறன். இதில் 45 லட்சம் ஆவியாக்கும் முறை, 18 லட்சம் சவ்வு முறை. நெம்மேலி ஆலைக்கு முன்பே இந்தக் கடற்கரையில் இந்த வேலை தொடங்கிவிட்டது.

● 220 மெகாவாட் கனநீர் உலை ஒன்றில் 306 எரிபொருள் குழாய்கள் இருக்கும். கல்பாக்கத்தின் இரு அலகுகளிலும் 1980களின் இறுதியில் உட்புற நீர்வழிப் பாகம் உடைந்தது. பல ஆண்டுகள் 170 மெகாவாட் அளவிலேயே ஓட்டினார்கள். பிறகு குழாய்கள் அனைத்தையும் கழற்றிப் புதிதாகப் பொருத்தி 220க்குத் திரும்பினார்கள். கதிரியக்கம் நிறைந்த இடத்தில் செய்த வேலை அது.

● அந்த முதல் அலகு 2018 ஜனவரியில் நின்றது; ஆண்டுக்கணக்கில் நின்றே கிடந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் 2022இல் மூடிய பாலிசேட்ஸ் உலையை மறுபடி ஓட்ட அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025இல் அனுமதித்தது. மூடிய உலைகளை எழுப்புவதும் இன்றைய மறுமலர்ச்சியின் பாதி. புது உலைக்கு மேடை போடுபவர்கள், கையில் இருக்கும் பழைய உலையின் நிலையையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

  

● 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் வால்வு ஒன்று பழுதானது. குறைந்த கதிரியக்கக் கழிவு இருப்பதாக நினைத்த தொட்டிக்குள் அதிகக் கதிரியக்கக் கழிவு வந்துவிட்டது. ஆறு பணியாளர்கள் ஓர் ஆண்டுக்கு அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அப்பகுதியில் போதுமான கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவிகள் இல்லை. வெளியே செய்தி வந்தது சில மாதங்கள் கழித்து. விபத்தைவிட அந்த மௌனம்தான் சுற்று வட்டார மக்களின் நம்பிக்கையை அதிகம் சிதைத்தது.

● உலைக்கு உரிமம் என்பது ஒரே ஒரு தாள் என்று நினைத்துவிடாதீர்கள். இடத்துக்கு ஒரு ஒப்புதல், கட்டுமானத்துக்கு ஒன்று, எரிபொருள் நிரப்ப ஒன்று, தொடர்வினை தொடங்க ஒன்று, திறனைப் படிப்படியாக உயர்த்த ஒவ்வொன்று, கடைசியாக இயக்க உரிமம். அதுவும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு மறுஆய்வு. இதையெல்லாம் பார்ப்பது 1983 நவம்பர் 15 அன்று அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். தலைமையகம் மும்பையில், ஆனால் அதன் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் கல்பாக்கத்தில் இருக்கிறது, 1999 முதல்.

இந்த வாரியத்துக்குச் சொந்தச் சட்டத் தகுதி இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இலேயே சுட்டிக்காட்டினார். உலைகளை நடத்தும் துறையின் நிழலில் இருந்துகொண்டு அதே துறையைக் கண்காணிப்பது எப்படி என்பதே கேள்வி. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் அந்தத் தகுதியைத் தந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தாலும் நல்ல செய்தி.

● அதே சட்டத்தின் மற்றப் பக்கங்களையும் படியுங்கள். 1962 அணுசக்திச் சட்டமும் 2010 இழப்பீட்டுச் சட்டமும் விலக்கப்பட்டன. இந்தியாவில் பதிவான தனியார் நிறுவனங்கள் இனி அணுமின் நிலையம் கட்டி நடத்தலாம். உரிமம் ஒன்றிய அரசிடமிருந்து. பாதுகாப்பு அனுமதி வாரியத்திடமிருந்து. இரண்டும் வேண்டும். செறிவூட்டலும் எரிந்த எரிபொருள் மறுசுழற்சியும் கனநீர் உற்பத்தியும் அரசிடமே இருக்கும்.

விபத்து நேர்ந்தால் நிலையம் நடத்துபவர் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. மிகப் பெரிய உலைக்கு 3,000 கோடி ரூபாய். சிறிய உலைகளுக்கு அளவுக்கேற்பக் குறையும். குறையுள்ள கருவியை விற்ற நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்க 2010 சட்டம் தந்த உரிமை, புதிய சட்டத்தில் பழைய வடிவில் இல்லை. போபாலின் நினைவில் பிறந்த பிரிவு அது. அதை விட்டுக்கொடுத்தது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. சில தகவல்களைக் கட்டுப்படுத்தப்பட்டவை என்று அறிவித்து வெளியிடாமல் இருக்கவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. 2003இல் மாதக்கணக்கில் செய்திக்காகக் காத்திருந்த ஊருக்கு இது கவலை தரும் பிரிவு. பாதுகாப்பு அனுமதிகளும் மறுஆய்வு அறிக்கைகளும் தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டும் அளவுக்கு எளிதாக வர வேண்டும். ஈனுலையில் சோடியத்தை அடக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை இல்லை.

● கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. மாமல்லபுரம் அதற்குள் வருகிறது. கொக்கிலமேடு, புதுப்பட்டினம், வாயலூர், சதுரங்கப்பட்டினம், அணுபுரம் எல்லாமே அதற்குள். நிலையத்துக்கு வெளியே அவசரம் என்றால் பொறுப்பேற்பது மாவட்ட நிர்வாகம். அதற்கான ஒத்திகைகள் அவ்வப்போது நடக்கின்றன. சென்னையிலிருந்து வந்து ஈசிஆர் ஓரம் வீடு வாங்கியவர்கள், விடுதி நடத்துபவர்கள், சிற்பக் கூடங்களில் வேலை செய்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், குப்பத்துப் பெரியவர்கள் எல்லோரும் அடுத்த ஒத்திகைக்குப் போங்கள். எங்கே கூட வேண்டும், எந்தச் சாலையில் வெளியேற வேண்டும், அயோடின் மாத்திரை யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அதிகாரிகளிடம் கேளுங்கள். பதிலை எழுதி வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.